செம்பிக்கு மூன்று ஸ்கேன்

ஒரு காட்டில் செம்பி என்று ஒரு நாய் குடியிருந்தாள். நாய்க்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. ஊருக்குள் நாய் பிடிக்கிற வண்டி தெருத் தெருவாக வரத் தொடங்கியபோது, செம்பியும் அவள் புருஷன் பூச்சியப்பனும் மாமியார் சங்கிலியாத்தாவும் ஓடையைத் தாண்டி வந்து ஒரு பாறை இடுக்கில் குடித்தனம் வைத்தவர்கள். காட்டுக்காரர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் செம்பிக்கு எலும்பு வாடையே பிடிக்கவில்லை. புல்லைத் தின்றாள், வாந்தி எடுத்தாள், மறுபடி புல்லைத் தின்றாள்.

"எனக்கு என்னமோ சந்தேகமா இருக்குங்க" என்றாள் புருஷனிடம்.

பூச்சியப்பன் தங்கமானவன். அவனிடம் இருந்தது ஒரே ஒரு குறை. யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கேட்டதும் ஓடத் தொடங்கிவிடுவான். இப்போதும் அப்படித்தான் ஓடினான். செம்பி அவன் பின்னால் ஓடிப் பார்த்தபோது, அவன் பெரிய ஆலமரத்துப் பொந்தில் இருந்த ஸ்கேன் சென்டரில் வரிசை பிடித்து உட்கார்ந்திருந்தான்.

அந்த சென்டரை நடத்தியவர் வௌவால் டாக்டர் தொங்கலிங்கம். அவர் தலைகீழாகத் தொங்கியபடி வயிற்றைப் பார்த்து ஒரு கத்து கத்துவார். அது யார் காதுக்கும் கேட்காது. உள்ளே போய்த் திரும்பி வருகிற சத்தத்தை மட்டும் அவர் கேட்டு, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிடுவார். வரிசையில் முன்னால் ஒரு மலைப்பாம்பு படுத்திருந்தது. போன வாரம் விழுங்கியது என்னவென்று அதற்கு ஞாபகம் இல்லையாம், பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

கவுண்டரில் இருந்த ஆமை ஒரு படிவத்தை நீட்டியது. கொம்பு உண்டா, இல்லையா. முட்டையா, குட்டியா, பொருந்தாததை அடிக்கவும். அதற்குக் கீழே, சேர்ந்த தேதி.

"என்ன தேதி போடறது?" என்று பூச்சியப்பன் விழித்தான். "ஒரு மாசம் இருக்குமில்ல?"

"பதினேழு நாள்" என்றாள் செம்பி, யாருக்கும் கேட்காத குரலில்.

"எவ்வளவு?" என்றது ஆமை.

"பதினேழு நாளாம்!" என்று பூச்சியப்பன் கத்தினான். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. செம்பி தன் வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

உள்ளே டாக்டர் கத்தினார், கேட்டார், மறுபடி கத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒண்ணும் இல்லே..."

பூச்சியப்பன் ஓடியே போய்விட்டான்.

"...ன்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் முடித்தார். "பதினேழு நாள்ல எனக்கு எதுவும் கேட்காது. இருந்தாலும் கேட்காது, இல்லாட்டியும் கேட்காது. நாலு வாரம் தாண்டட்டும், வா. அதுக்குள்ள வந்து எனக்கும் உனக்கும் வேலை வைக்காதே."

செம்பி வீடு வந்து சேர்வதற்குள் காட்டில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். முள்ளம்பன்றி அக்கா கட்டிப் பிடித்து ஆறுதல் சொல்ல வந்தாள், செம்பி நாலடி பின்னால் நகர்ந்தாள். கிளி ஒரு தழையைக் கொண்டுவந்து, தினம் மூன்று வேளை மெல்லச் சொன்னது. சங்கிலியாத்தா, மருமகளுக்கென்று எடுத்து வைத்திருந்த நெஞ்செலும்பைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள்.

"வெறும் காத்து" என்றாள் மாமியார். "சில பேருக்கு இப்படித்தான், வயிறு ஏமாத்தும்."

"அத்தை, டாக்டர் அப்படிச் சொல்லலை. இப்ப பார்த்தா தெரியாதுன்னுதான்..."

"டாக்டர் வாயாலேயே சொன்னதை நான் கேட்டேன்" என்றான் பூச்சியப்பன், கண் கலங்கி.

செம்பி வெளியே போய்ப் பாறையில் நகத்தால் பதினேழு கோடு கிழித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் விடிந்ததும் இன்னொரு கோடு சேர்த்தாள். கிளியின் தழையை ஓணானுக்குக் கொடுத்தாள். ஓணானுக்கு நல்ல பசி எடுத்தது.

முப்பதாவது கோடு விழுந்த அன்று அவள் புருஷனை எழுப்பினாள். "கிளம்புங்க, இன்னொரு தடவை பாக்கணும்."

"இல்லாததை எதுக்குடி ரெண்டு தடவை பாக்கணும்?" என்று சங்கிலியாத்தா உறுமினாள்.

செம்பி முன்னால் நடந்தாள். இந்த முறை டாக்டர் முன்னால் படுக்கும்போது, கூடவே நின்ற பூச்சியப்பனின் வால்மேல் தன் பின்னங்காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

டாக்டர் கத்தினார். கேட்டார். அவர் காது இரண்டும் விறைத்தன.

"அடடா! குதிரை ஓடற மாதிரி கேக்குதும்மா. ஒண்ணு. ரெண்டு. இந்தப் பக்கம் மூணு. நாலு இருக்கு. அஞ்சும் இருக்கலாம்..."

செம்பிக்கு உடம்பெல்லாம் தளர்ந்து போனது. கால் தானாக வாலைவிட்டு எழும்பியது. பூச்சியப்பன் "அஞ்சு! அஞ்சு!" என்று கத்தியபடி வாசலைத் தாண்டிவிட்டான்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "உயிர் இருக்கான்னு கேட்டா இந்த ஸ்கேன் சொல்லும். எத்தனைன்னு கேட்டா நம்பக் கூடாது. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சுக்கும். எண்ணணும்னா அம்பத்தஞ்சு நாள் தாண்டி வா, பக்கத்து ரூம்ல மின்மினிகளை எரிய விட்டுப் பாக்கலாம். அப்பத்தான் எலும்பு முத்தியிருக்கும், கணக்கா எண்ணலாம்."

"அவசியம் எண்ணணுமா டாக்டர்?"

"எண்ணாமப் பெத்தவங்கதான் அதிகம். எண்ணினா ஒரே ஒரு லாபம். வேலை எப்ப முடிஞ்சதுன்னு தெரியும்."

அந்த ஒரு வாக்கியத்தைச் செம்பி வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தாள். வீட்டில் அன்று கொண்டாட்டம். நெஞ்செலும்பு மறுபடி அவளுக்கு வந்தது. "காத்துன்னு எவ சொன்னா?" என்று சங்கிலியாத்தா ஊரைப் பார்த்துக் கேட்டாள்.

ஐம்பத்தாறாவது கோடு விழுந்தபோது செம்பியின் வயிறு தரையைத் தொட்டது. மூன்றாவது ஸ்கேன் என்றதும் மாமியாருக்கு வந்ததே கோபம்!

"நான் எட்டுத் தடவை குட்டி போட்டிருக்கேன். எவன் மின்மினியை எரிய விட்டான்? எவன் எண்ணினான்? அதது தானா வந்து விழுந்தது. பாத்துப் பாத்தே குட்டிக்குக் கண்ணு படப் போவுது!"

"அதான் அஞ்சுன்னு தெரிஞ்சாச்சே" என்றான் பூச்சியப்பன்.

செம்பிக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவ்வளவு வெளிச்சம் குட்டிகளுக்கு ஆகுமா? இவ்வளவு தூரம் நடக்கலாமா? பாதி வழியில் உட்கார்ந்து, திரும்பிவிடலாமா என்று யோசித்தாள். அப்போது உள்ளேயிருந்து ஒரு உதை. வலது விலா ஓரமாக. அங்கே யாரும் இருப்பதாக டாக்டர் சொன்னதில்லை. அவள் எழுந்து நடந்தாள்.

மின்மினி அறை கும்மிருட்டு. "அசையாதே, மூச்சை இழுத்துப் பிடி" என்று ஒரு குரல் சொன்னது. நூறு மின்மினிகள் ஒரே நேரத்தில் எரிந்து, அணைந்தன. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"ஆறு தலை. ஆறு முதுகெலும்பு" என்றார் டாக்டர். "குட்டிக்கு இதனால ஒண்ணும் ஆகாது, பயப்படாதே. இப்ப நான் சொல்றதைக் கடைசி வரைக்கும் கேளு. ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல போனா, உள்ள இன்னும் ஆள் இருந்தா, உடனே நர்ஸ் அல்லிக்குச் சொல்லி அனுப்பு."

வீட்டில் யாரும் ஆறை ஏற்றுக்கொள்ளவில்லை. "அந்த ஆறாவது உன் ஈரலா இருக்கும்" என்றாள் சங்கிலியாத்தா.

அறுபத்திரண்டாம் நாள் விடியலில் வலி எடுத்தது. எத்தனை சண்டை இருந்தாலும் அந்த நேரத்தில் மாமியார் மாமியாராகத்தான் நின்றாள். சருகைக் கூட்டி மெத்தை போட்டாள். முதல் குட்டியின் உறையைத் தானே பல்லால் கிழித்துக் கொடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் இளைப்பாறி நான்காவது. உச்சிப் பொழுதுக்கு முன் ஐந்தாவது.

"அஞ்சு!" என்று பூச்சியப்பன் குதித்தான். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

சங்கிலியாத்தா நக்கி முடித்து நிமிர்ந்தாள். "ஆச்சு. வேலை முடிஞ்சுது. நீ தூங்கு."

தூக்கம் கண்ணை அழுத்தியது. ஐந்து வாய்களும் காம்புகளைப் பிடித்துக்கொண்டன. எல்லோரும் முடிந்தது என்கிறார்கள். முடிந்ததாகவே இருக்கட்டுமே என்று செம்பிக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அவள் பாறையின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வந்தபோது நிழல் கற்றாழை அடியில் இருந்தது. இப்போது புற்றைத் தொட்டுவிட்டது. ரெண்டு மணி நேரம் தாராளமாக ஆகியிருக்கும். நடுநடுவே வயிறு இறுகியது. எதுவும் வரவில்லை.

"அத்தை, இன்னும் ஒண்ணு இருக்கு."

"அதெல்லாம் நஞ்சுக்கொடி. தானா விழும்."

"ஆறு தலைன்னு சொன்னாரு அத்தை. நான் என் காதால கேட்டேன். கடைசி வரைக்கும் கேட்டேன்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நர்ஸ்..."

பூச்சியப்பன் ஓடிவிட்டான். செம்பி கண்ணை மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "நர்ஸை என்ன செய்யணும்?"

"கூட்டிட்டு வரணும்!"

இந்த முறை அவன் ஓடிய வேகத்தில் பாதைப் புழுதி அடங்க வெகு நேரமானது. அல்லி என்கிற அந்தக் கருங்குரங்கு நர்ஸை முதுகில் ஏற்றிக்கொண்டே வந்து சேர்ந்தான். அவள் இறங்கி, ஓடைத் தண்ணீரில் கையைக் கழுவி, விரலை விட்டுப் பார்த்தாள்.

"கால் முன்னால வந்து மாட்டியிருக்கு. யாரு தூங்கச் சொன்னது?"

வரும் வழியிலேயே பூச்சியப்பன் எல்லாவற்றையும் உளறியிருந்தான்.

"வலி வரும்போது முக்கும்மா. நான் கூடவே இழுக்கிறேன். இப்ப!"

செம்பி முக்கினாள். இரண்டு முறை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது முறை, ஈரத் துணி மாதிரி ஒன்று அல்லியின் கையில் வந்து விழுந்தது. அசைவில்லை. அல்லி அதன் வாயைத் துடைத்தாள், தலைகீழாகப் பிடித்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

சங்கிலியாத்தா அதை அப்படியே பறித்துக்கொண்டாள். தரையில் போட்டு நக்கினாள், நக்கினாள், முரட்டு நாக்கால் புரட்டிப் புரட்டி நக்கினாள். காடே அந்த நாக்கின் சத்தத்தைக் கேட்டது. பிறகு, சுண்டெலி கத்துவதுபோல ஒரு சின்னக் கீச்சு.

பூச்சியப்பன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதான். எங்கும் ஓடவில்லை.

மறுநாள் குட்டி பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். அது தன் தழையின் மகிமை என்றது கிளி. ஓணான் வாயே திறக்கவில்லை. ஆறு என்று முதலிலிருந்தே தனக்குத் தோன்றியதாகப் பூச்சியப்பன் எல்லோரிடமும் சொன்னான். சங்கிலியாத்தா மட்டும் எதற்கும் வாய் கொடுக்காமல் ஓரமாகப் படுத்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் மெல்ல மருமகள் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"மூணாவது தடவை நான் பெத்தப்ப, நாலு வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு படுத்துட்டேன். அஞ்சாவது ஒண்ணு உள்ளேயே போயிருச்சு. நானும் ஒரு மாசம் எழுந்திருக்கலை. அப்ப எண்ண ஆளில்லை" என்றாள்.

செம்பி மாமியாரின் காதை ஒருமுறை நக்கினாள்.

சங்கிலியாத்தா தொண்டையைச் செருமினாள். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"செம்பி, அந்த டாக்டரு வயசானவங்களையும் பாப்பாராடி?"

"ஏன் அத்தை?"

"ஒரு வாரமா எனக்கு எலும்பு வாடையே பிடிக்கலை. யாரு, என்னன்னெல்லாம் கேக்காதே."

செம்பி கேட்கவில்லை. சிரிப்பை ஆறு குட்டிகளுக்கு நடுவே ஒளித்துக்கொண்டு, வேறொன்றைத்தான் கேட்டாள்.

"எத்தனை நாளாச்சு அத்தை?"

"இருபது."

"அப்ப இன்னும் பத்து நாள் பொறுங்க."

நீதி: ஸ்கேனே கூடாது என்று கூச்சல் போடுபவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதே, எத்தனை நாளாயிற்று என்று மட்டும் கேள்.