கியாரண்டி பாயின் சிங்கப்பூர் கம்பு

தன் கடைக்கு வந்த ஆளைத் தானே விரட்டிவிட்டு, அதில் சந்தோஷமும் பட்ட வியாபாரி திண்டுக்கல் டவுனிலேயே ஒருத்தர்தான். அவர் கியாரண்டி பாய். இதை யாராவது மறுத்தால், அவர் ஒருநாளும் பாய் கடையில் பெல்ட் வாங்கப் போனதில்லை என்று அர்த்தம்.

பெல்ட், பர்ஸ், பை என்று தோல் சாமான் விற்கிற கடை. அதன் மாடியில் நான் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், தனிக்கட்டை, வீட்டில் டிவி கிடையாது. அதனால் சாயங்காலமானால் பாய் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிடுவேன். எந்த டிவியிலும் அவ்வளவு நல்ல நிகழ்ச்சி வந்ததில்லை.

ஒருநாள் பழனிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்து பளபளவென்று தொங்கிய ஒரு பெல்ட்டைக் காட்டினார்.

"ஏனுங்க, இது எப்படிங்க? நல்லா இருக்குங்களா?"

"பாக்க நல்லா இருக்கும். தீபாவளி வரைக்கும் வரும்."

"அதுக்கப்புறமுங்க?"

"பக்கிள் தனியா கையில வந்துரும். பேன்ட்ட நீங்கதான் புடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"அப்புறம் எதுக்குங்க இதை விக்கிறீங்க?"

"நான் எங்கய்யா விக்கிறேன்? வேணாம்னுதான சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

உழைக்காத பெல்ட்டை பாய் விற்க மாட்டார். உழைக்கிற பெல்ட்டை வாங்கிப் போனவருக்கு மறுபடி அந்தக் கடைப் பக்கம் வரவேண்டிய அவசியமே ஏற்படாது. அப்படியானால் வியாபாரம் எப்படி நடந்தது என்று ஒருமுறை அவர் மனைவி மும்தாஜ் அக்காவிடம் கேட்டேன். அக்கா என்னை முறைத்த முறைப்பில் அடுத்த வாரம் வரைக்கும் அந்த வீட்டு டீ எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. கெண்டை மீன் தூண்டில்.

சிங்கப்பூரில் இருக்கிற மச்சான் ஒரு தூண்டில் கம்பு, ஒரு ரீல், ஒரு சுருள் நைலான் நரம்பு மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் நேரே குளத்துக்குப் போயிருப்பார்கள். பாய் நேரே என் மாடிக்கு வந்தார். கம்பின் நுனியில் அம்மிக் குழவியைக் கட்டி, என் பால்கனிக் கம்பியின் மேல் சாய்த்து, தெருவுக்கு மேலே தொங்கவிட்டார். கம்பு வளைந்தது. குழவி ஆடியது. தெருவில் போன சனம் அன்று முழுக்க எதிர்ச் சாரியிலேயே நடந்தது. சாயங்காலம் குழவியை அவிழ்த்ததும் கம்பு சிலிர்த்துக்கொண்டு நேராக நின்றது.

"பாத்தீங்களா வாத்தியாரே, முதுகு எப்படி நிமிருதுன்னு!" என்றார் பாய். எனக்குக் கீழே போகிறவர்களின் தலைதான் கண்ணில் நின்றது.

அடுத்து நரம்பு. ஒரு மழைக்காலம் முழுவதும் அது மொட்டை மாடியில் துணிக்கொடியாக வேலை பார்த்தது. நனைந்த ஜமுக்காளத்தைப் போட்டும் தொய்யவில்லை. ரீலை மைதா மாவு டிரம்முக்குள் புதைத்து வைத்தார். ஆற்று மணலையே தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தானாம். மாவே புகாமல் இருந்தால்தானே மணலைப் பற்றிப் பேச முடியும் என்பது பாயின் வாதம். ரீலுக்குள் மாவு புகவில்லை. ஆனால் ரீலின் எண்ணெய் மாவுக்குள் புகுந்தது. அந்த வாரம் சாப்பிட்ட பரோட்டாவை மும்தாஜ் அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றும் தேறியபின் பாய் அவற்றுக்கு ஆட்டுத்தோலில் ஓர் உறை தைத்தார். உள்ளே வெல்வெட், வெளியே இரட்டைத் தையல். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு கைப்பை கேட்டுக்கொண்டிருந்த அக்கா, அந்த உறையைப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனார். அன்றைக்கு வெஞ்சனத்தில் உப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் ஏற்றிக்கொண்டு அவருடைய மொபெட் வடமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் குளத்துக்குப் போகும். பாய் குடையை நட்டு, உறையைப் பிரித்து, கம்பை மாட்டி, புண்ணாக்கும் பொரிகடலை மாவும் பிசைந்து உருண்டை பிடிப்பதற்குள் எனக்குப் பசி வந்துவிடும். பிறகு கெண்டை மாட்டும். ரீல் கிர்ரென்று சுற்றும். பாய் மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, கையை நனைத்துக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றி, அதன் வாயை ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

"பாய், குழம்பு போகுது பாய்!"

"போகட்டும். சாமான் நல்லா வேலை செய்யுதான்னு பாத்தாச்சுல்ல?"

"விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கிறீங்க?"

"திங்கிறதுன்னா மார்க்கெட்ல வாங்கிக்கலாமே வாத்தியாரே. இம்புட்டு நல்ல கம்பு எதுக்கு?"

ஊர்க்காரர்கள் இதனால்தான் அவரை அனுமதித்திருந்தார்கள். மீனை எடுக்காமல் விளையாடிவிட்டுப் போகிற பெரிய மனுஷன் என்று அவரைப் பற்றி ஒரு அனுதாபம் அந்த ஊரில் இருந்தது.

அந்தக் குளத்தில் ஒரு கிழட்டுக் கட்லாக் கெண்டை இருந்தது. தலையே ஒரு தேங்காய் அளவு. முதுகில் ஓரிடத்தில் செதில் இல்லாமல் வழுக்கையாக இருக்கும். பாய் அதற்கு ஓனர் என்று பெயர் வைத்திருந்தார். குளம் அதனுடையது, மற்றவர்கள் எல்லாம் வந்து போகிறவர்கள் என்பது அவர் கணக்கு. ஓனர் பலமுறை மாட்டி, பலமுறை விடுதலையாகியிருந்தது. எத்தனை கோடைக்கும் வலைக்கும் தப்பித்த மீன் அது! பாய் அதைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொல்வார்:

"நான் வித்த சாமான்ல கூட ஏதாச்சும் ஒரு குறை இருக்கும் வாத்தியாரே. இதைப் பாருங்க. படைச்சவன் போட்ட தையல் ஒண்ணு கூடப் பிரியல."

ஒரு கோடையில் குளம் இடுப்பளவுக்கு வற்றியது. ஊர் கூடி மீன்பிடித் திருவிழா அறிவித்தது. அறிவித்துவிட்டால் அதுவரை யாரும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. குறித்த காலையில் நாட்டாமை வெள்ளைத் துண்டை வீசுவார். உடனே சுற்றுப்பட்டுச் சனம் மொத்தமும் இறங்கும். சாயங்காலம் குளத்தில் சேறுதான் மிஞ்சும். பிடித்த மீனை விற்கக் கூடாது, விற்றால் மழை வராது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தே ஆகவேண்டும்.

செய்தி கேட்ட அன்று பாய் கடைக்கு ஒருத்தர் வந்து மட்டமான பெல்ட் ஒன்றைக் கேட்டார். பாய் எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

நாட்டாமை வீட்டுக்கு இருவரும் போனோம்.

"ஒரே ஒரு மீனை மட்டும் விட்டுரச் சொல்லுங்க தலைவரே. முதுகுல வழுக்கை இருக்கும்."

"பாய், எறங்குறது ஆயிரம் பேரு. கூடைக்குள்ள கைய விட்டு, நீ வழுக்கையா, முடி இருக்கான்னு கேட்டுக்கிட்டா இருப்பான்? ஆதார் கார்டு கீது இருந்தா குடுங்க, ஒட்டி வைப்போம்."

"அப்ப நானே எல்லாரோடயும் சேந்து புடிச்சுக்கிறேன்."

"தாராளமா. துண்டை வீசினப்புறம் யாரு வேணா புடிக்கலாம்."

திருவிழா காலையில் கரை முழுக்கத் தலைகள். எல்லார் கையிலும் வலை, சேலை, ஊத்தா. ஊத்தா என்றால் அடியில்லாத கூம்புக் கூடை. சேற்றில் அமுக்கி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள். இவர்களுக்கு நடுவே பாய் குடையை நட்டு, ஸ்டூல் போட்டு, ஆட்டுத்தோல் உறையைப் பிரித்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருத்தர் கத்தியும் முள்கரண்டியும் கேட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற நான், அவரைத் தெரியாத ஆள் போல ஒரு புளியமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

துண்டு வீசப்பட்டது. ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் குதித்ததில் தண்ணீர் காபி நிறத்துக்கு மாறியது. பாய் உருண்டையை மாட்டி, ஓனர் வழக்கமாக நிற்கும் மதகோரம் பார்த்து வீசினார். செத்த நேரத்தில் கம்பு வில்லாக வளைந்தது.

"மாட்டிருச்சு வாத்தியாரே! ஓனருதான்! வேற யாருக்கும் இம்புட்டு பலம் கிடையாது!"

ரீல் கிர்ரென்றது. பாய் இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது. இழுக்க இழுக்கச் சேற்றுக்குள்ளிருந்து ஒரு ஆள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தார். அவருடைய தூக்கிக் கட்டிய கைலியில் முள் மாட்டியிருந்தது.

"ஏலே, யார்றா அது? விடுறா! கைலி போகுதுடா!"

"நரம்பை அறுத்துட்டுப் போங்கண்ணே!" என்று நான் கத்தினேன்.

"அறுந்தா நான் எதுக்குய்யா வாரேன்?"

ஆள் பத்திரமாகக் கரை சேர்ந்தார். கைலியும் கிழியவில்லை, நரம்பும் அறுபடவில்லை. பாய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கம்பைப் பெருமையாக ஒருமுறை பார்த்ததை நான் கவனிக்காமல் இல்லை.

அப்போதுதான் அந்த ஆளின் மனைவி ராக்கம்மா பின்னாலேயே வந்தார். புருஷன் போன கவலை முகத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. ஏனென்றால் அவர் இரண்டு கைகளாலும் மார்போடு ஒரு மீனை அணைத்திருந்தார். தேங்காய் அளவுத் தலை. முதுகில் வழுக்கை.

பாய் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"ஆத்தா, அந்த மீனை எனக்குக் குடுத்துரு. என்ன வேணாலும் கேளு."

"காசுக்குக் குடுக்கக் கூடாதுண்ணே, மழை பேயாது" என்றார் ராக்கம்மா. சொல்லிவிட்டுக் கம்பை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டுக்காரரையே இழுத்துருச்சே இந்தக் கம்பு. நல்லா நீளமாவும் இருக்கு. வீட்டுல முருங்கை மரம் உசந்து போச்சு. காய் பறிக்க ஒண்ணும் அமையல."

நாட்டாமையைப் பார்த்தோம். காசு கைமாறாத வரைக்கும் மழைக்கு ஆட்சேபணை இருக்காது என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

பாய் கம்பைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மீனின் வாய் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் ரீலைக் கழற்றினார். ஈரத்தைத் தன் சட்டையிலேயே துடைத்து, கம்பை நீட்டினார்.

"வெயில்ல சாத்தி வைக்காத ஆத்தா. மழையில நனைஞ்சா தொடைச்சு வை. நுனியில மட்டும் அரிவா கட்டிராத."

"கட்டாம எப்படிண்ணே காய அறுக்கிறது?"

பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"சின்னதாக் கட்டு" என்றார்.

நிலக்கோட்டைக்குப் பூ ஏற்றிப் போய்விட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு வேன் ரோட்டில் கிடைத்தது. அதில் கிடந்த ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓனரை ஏற்றினோம். வருஷம் பூராவும் தண்ணீர் கிடக்கிற அணை ஒன்று மலையடிவாரத்தில் உண்டு. அங்கே போகச் சொன்னார் பாய். தண்ணீரில் காற்று ஏற வேண்டுமாம். எனவே வழி நெடுக நான் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தேன். டவுன் சிக்னலில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

"டிரம்முக்குள்ள யாருய்யா?"

"ஓனருங்க சார்" என்றார் பாய். அவர் சட்டையெல்லாம் சேறு, கண்ணெல்லாம் சிவப்பு, வேன் முழுக்க மல்லிகை வாசம். போலீஸ்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையைக் காட்டிவிட்டார்.

அணையில் விட்டதும் ஓனர் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பாய் மார்பளவுத் தண்ணீரில் நின்று அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் கரையில் நின்றுகொண்டு, எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். இத்தனைக்கும் பல ஞாயிற்றுக்கிழமைகள் அதைக் குழம்பாகப் பார்த்தவன் நான். வெகுநேரம் கழித்து வால் ஒருமுறை அடித்தது. பாயின் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு ஓனர் ஆழத்துக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு பாய் வேறு கம்பு வாங்கவில்லை. டவுனில் கிடைத்ததையெல்லாம் வளைத்துப் பார்த்து, கடைக்காரர் முகத்துக்கு நேரே குறை சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பில்லாமல் அணைக்குப் போய் மாவு உருண்டைகளை எறிந்துவிட்டு வருவார்.

எனக்குப் பழனிக்கு மாற்றல் வந்தது. கிளம்புமுன் மதுரைக்குப் போய், கடைக்காரன் பேச்சை நம்பி, பளபளப்பான தூண்டில் கம்பு ஒன்று வாங்கி வந்தேன். கடை வாசலில் வைத்து பாயிடம் கொடுத்தேன். அவர் பிரித்து, இணைப்பைத் திருகி, லேசாக வளைத்தார். உள்ளே எங்கோ கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மும்தாஜ் அக்காவுக்கும் கேட்டது. அம்மிக் குழவிக்காக நான் காத்திருந்தேன்.

பாய் குழவியைக் கேட்கவில்லை. கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என் காலம் முடியிற வரைக்கும் தாங்கும் வாத்தியாரே" என்றார்.

அவர் பொய் சொல்லி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். பழனி பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் தாண்டும் வரைக்கும் முகத்தைச் சன்னல் பக்கமாகவே வைத்துக்கொண்டு வந்தேன்.