கரி பேசிய சனிக்கிழமைகள்

நான்ட்வென் என்ற சுரங்க ஊரில் நிலக்கரி பேச ஆரம்பித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் அது வாயை மூடிக்கொண்டு பூமிக்கடியில் கிடந்த சாதாரணக் கரிதான். மூன்று தலைமுறை வெட்டியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேராசிரியர் சில்வானஸ் பிரவுட் ரயிலை விட்டு இறங்கியதுமே அதற்கு வாய் முளைத்துவிட்டது. எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்று அவரை யாரும் கேட்கவில்லை. தலையில் உயரமான தொப்பி இருந்தது. அதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்?

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும், முதுகுக் கரியைத் தேய்த்தும் தேய்க்காமலும் ஆண்கள் தேவாலயத்துப் பின்கூடத்துக்கு ஓடினார்கள். ஒவ்வொருவன் கையிலும் அவனவன் வெட்டுகிற இடத்திலிருந்து எடுத்த ஒரு கரித்துண்டு, கைக்குட்டையில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல. பேராசிரியர் அதைத் தொடமாட்டார். வெள்ளைக் கையுறை அழுக்காகிவிடும் என்று சொல்லாமல், மனிதச் சூடு பட்டால் ஆவி கோபித்துக்கொள்ளும் என்பார். கரியைத் தட்டில் வைக்க வேண்டும். விளக்கைத் தணிக்க வேண்டும். அவர் ஒரு வெள்ளிக் குழலைக் காதுக்கும் கரிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். கரிக்குள் குடியிருக்கும் 'பழையவர்கள்' உள்ளேயிருந்து தட்டுவார்களாம். சுரங்கத்தில் மேல்கூரை விழுமா விழாதா என்று அந்தத் தட்டல் சொல்லிவிடுமாம்.

விழும் என்றால், அவரிடமே ஒரு பித்தளை வில்லை வாங்கி, கூரையைத் தாங்கும் முட்டுமரத்தில் அடிக்க வேண்டும். விழாது என்றால், விழாமலே இருப்பதற்காக ஒரு வில்லை வாங்கி அடிப்பது நல்லது. தேவாலய மூப்பர் ஆட்சேபிக்கவில்லை. ஆர்மோனியம் பழுதுபார்க்கப் பேராசிரியர் காணிக்கை கொடுத்திருந்தார். ஆகவே கர்த்தருக்கும் ஆவிகளுக்கும் ஒரே கூடத்தில் இடம் கிடைத்தது.

யோர்வெர்த் என்பவனுக்கு 'விழாது' என்று வந்தது. இரண்டாம் நாள் விழுந்தது. கால் ஒடிந்தது. கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு நியாயம் கேட்க வந்தான்.

"நீ சுரங்கத்துக்குள்ள விசிலடிச்சிருக்க. ஆவிங்களுக்கு அது ஆகாது" என்றார் பேராசிரியர்.

"சத்தியமா இல்லீங்க. எனக்கு முன்பல்லே கிடையாது."

"மனசுக்குள்ள அடிச்சிருப்ப."

யோர்வெர்த் யோசித்துப் பார்த்தான். அடித்திருக்கலாம் என்றே பட்டது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு வில்லையும் வாங்கிக்கொண்டு போனான்.

இதையெல்லாம் கேட்டு ஓல்வென் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். ஒரு வியாழக்கிழமை சிரிப்பு நின்றது. அவள் புருஷன் கோமர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, தன் தட்டுக்கோலால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அந்தக் கோல் வீட்டுக்கு வரவேண்டிய பொருளே அல்ல. சுரங்கத்தில் கரியில் கை வைக்குமுன் தலைக்கு மேலுள்ள கல்லை அதனால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் கல் உறுதி. மொத்தென்றால் கல் பிடி விட்டுக்கொண்டிருக்கிறது, ஓடிப்போய் முட்டு கொடு என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன் ஓல்வென்னின் அண்ணன் ஒருநாள் அவசரத்தில் தட்ட மறந்தான். அன்று மாலை அவனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிவந்தார்கள்.

"இது எதுக்கு இங்க வந்துச்சு?" என்றாள்.

"அங்க அதுக்கு வேலை இல்ல, புள்ள. கம்ப வச்சு இடிச்சா உள்ள இருக்கறவங்களுக்குக் கோவம் வருமாம். பேராசிரியர் சொல்லிட்டாரு. நம்ம கதவ ஒருத்தன் தினம் இடிச்சா நீ சும்மா இருப்பியா?"

"உன் தலை மேல நிக்கிறது கல்லு, கோமர். அவரு தலை மேல நிக்கிறது தொப்பி."

"வேலைக்குப் போற வழியில பொம்பள எதிர்ல வந்தாலே திரும்பிடற ஆளுங்க நாங்க. சுரங்கத்துக்குள்ள பொம்பள பேச்சு எடுபடுமா?"

"காலையில எந்திரிச்சு உனக்கு ரொட்டி கட்டிக் குடுக்கறனே, அப்ப நான் யாரு, ஆம்பளயா?"

கோமர் நெருப்பை இன்னும் கொஞ்சம் கிளறினான். ஓல்வென் அந்தக் கோலையே பார்த்தாள். அண்ணனை ஒரு கல் தின்றது. புருஷனையும் கொடுத்துவிட்டு, பித்தளை வில்லையை வைத்துக்கொண்டா அழுவது?

வெள்ளிக்கிழமையும் கோல் அடுப்படியிலேயே கிடந்தது. அவன் வீடு திரும்பும்வரை அவளுக்கு ஒரு வாய் தேநீர் இறங்கவில்லை. சனிக்கிழமை திராட்சை ரொட்டி சுடுகிற நாள். கவலையில் அவள் அதை அடுப்புக்குள்ளேயே மறந்துவிட்டாள். எடுத்தபோது ரொட்டி இல்லை, கட்டை. கன்னங்கரேலென்று மூலை மூலையாக வெடித்திருந்தது. மேசைமேல் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

வேலை முடிந்து வந்த கோமர் அதைப் பார்த்து முகம் சுளித்தான். "கரியக் கொண்டாந்து விரிப்பு மேல வச்சிருக்கியே, பாழாப்போகுது பாரு. ஆனா நல்ல கரி. எந்தப் பக்கத்து வெட்டு?"

இருபது வருஷமாகக் கரி வெட்டுகிறவன் கேட்ட கேள்வி இது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவன் குளிக்கப் போனதும், கரித்தூளை அள்ளி ரொட்டிக்கு நன்றாகப் பூசினாள்.

பின்கூடம் நிறைந்து வழிந்தது. கோமர் மூன்றாம் வரிசையில் இருந்தான். கரியோடு காத்திருந்தவர்களில் தன் மனைவியும் நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. வழிக்கு வந்துவிட்டாள் என்று பக்கத்து ஆளிடம் சொல்லவும் செய்தான்.

"உங்க வீட்டுக்காரர் வெட்டினதாம்மா?" என்றார் பேராசிரியர்.

"எங்க வீட்டுதுதாங்க" என்றாள் ஓல்வென். பொய் சொல்லவில்லை.

விளக்கு தணிந்தது. குழல் இறங்கியது. பேராசிரியரின் புருவம் நெற்றியில் பாதி தூரம் ஏறியது.

"கேக்குது. பெரிய காடு, அதுல காத்து. உள்ள ஏழு பேர் இருக்காங்க. ஏழும் வயசானவங்க. ரொம்ப சாந்தமா இருக்காங்க. கூரை உறுதியா இருக்குன்னு சொல்றாங்க."

"அப்ப எங்க வீட்டுக்காரர் கம்பால தட்டிப் பாக்க வேண்டாமா?"

"தட்டவே கூடாது. தட்டினா அந்த ஏழு பேருக்கும் வலிக்கும்."

"தட்டுனா என்ன ஆகுதுன்னுதான் பாத்துடுவோமே" என்று ஓல்வென் கரியைத் தூக்கி மேசை விளிம்பில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். இரண்டாகப் பிளந்தது. விளக்கைத் தூண்டினாள். உள்ளே பழுப்பாக, மெத்தென்று, பட்டை மணத்தோடு திராட்சை ரொட்டி. ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து மற்றப் பாதியை வெளிச்சத்தில் பிடித்து, திராட்சைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். "ஏழுன்னாரு. இங்க ஒரு ஊரே குடியிருக்குதே" என்றார்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "பழையவங்க எதுக்குள்ள வேணும்னாலும் குடி வருவாங்க."

"அப்படின்னா என் ரொட்டிப் பெட்டியவே கொண்டாந்திருப்பேனே" என்று யோர்வெர்த் கக்கக்கட்டையை ஊன்றி எழுந்தான். "மனசுக்குள்ள இப்பவும் ஒரு விசில் அடிக்கிறேன். எங்க, காதுல கேக்குதா சொல்லுங்க."

மூப்பர் கருகாத நடுப்பகுதியைச் சுவைத்துப் பார்த்து, நன்றாகவே இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். கூடத்தில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது; பேராசிரியரைக் காணோம். வெள்ளிக் குழல் மேசையில் கிடந்தது. தகரத்துக்கு வெள்ளிப் பூச்சு.

கோமர் காது மடல் சிவக்க வாசலில் வந்து நின்றான். "திங்கக்கிழமை கோல எடுத்துட்டுப் போறேன்" என்றான். ஓல்வென்னுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எடுத்துட்டுப் போகலைன்னா நீ போகவே வேண்டாம்" என்றாள்.

அப்போது யாரோ அவள் முன்னால் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றினார்கள். திராட்சை எண்ணிய அதே கிழவர். கையில் கைக்குட்டை, அதற்குள் கரித்துண்டு. அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், நாலு கைக்குட்டை.

"அந்த ஆளு டுபாக்கூர்னு உனக்குத்தான் தெரிஞ்சுது, தாயி. உன் கிட்டதான் நிஜமான சக்தி இருக்கு. என்னோடத கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

ஓல்வென் அவரையும் அந்த நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை கூரையத் தட்டறதுக்கு முன்னாடி, ஆளுக்கொரு தடவ உங்க தலையத் தட்டிப் பாருங்க" என்றாள். "மொத்துன்னு கேட்டா, முதல்ல அதுக்கு முட்டுக் குடுங்க."