பூதத்துக்காக வாதாடிய அப்பீல் அண்ணன்

ஜூன் மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்தேன். அந்த வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். மதியம் தக்காளி ரசம், அவரைக்காய்ப் பொரியல். மூன்று மணிக்குச் சூரமங்கலத்தில் பஷீர் பாயின் பெயின்ட் கடை மாடிக்குப் போனேன். ஆறு வருடமாக என் ஞாயிறு இப்படித்தான். அந்த மாடியில் எந்த ஆட்டமும் தகராறில்லாமல் முடிந்ததில்லை என்பதும் ஆறு வருடமாக அப்படித்தான். பூதத்துக்கு அநியாயம் நடக்கிறது என்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வாதாடிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே, எங்கள் அப்பீல் அண்ணன்தான்.

பஷீர் பாயின் மகன் கல்லூரி விடுதியிலிருந்து கொண்டுவந்த ஆட்டம் அது. மகன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். ஆட்டம் எங்களிடம் தங்கிவிட்டது. ஒருவர் கதையை நடத்த வேண்டும், அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதைக்குள் இருப்பார்கள். வெட்டு பட்டதா, தாவியவர் தப்பினாரா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கட்டம் போட்ட அட்டைதான் போர்க்களம். அதில் நிற்கும் சோடா மூடிகள்தான் வீரர்கள்.

அப்பீல் அண்ணன் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு ஏஜென்ட். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நான் எந்தத் தீர்ப்பு சொன்னாலும் வலது கையைத் தூக்கி "அப்பீலுங்க" என்பார். ஒருமுறை அவர் மனைவியே எனக்கு போன் போட்டு, "அங்க அப்பீல் இருக்காருங்களா?" என்று கேட்டார்.

முதல் மாதமே, பாயின் மகனும் கூட ஆடிய நாட்களில், ஒரு மலைப்பூதத்தைச் சுற்றி வளைத்தோம். இன்னும் இரண்டு வெட்டு விழுந்தால் செத்துவிடும். கை உயர்ந்தது.

"சார், நாங்க மூணு பேரு. அது ஒண்டி. நாங்க மூணு வெட்டு வெட்டறதுக்குள்ள அது ஒருக்காத்தான் அடிக்குது. இதென்னங்க நியாயம்?"

பஷீர் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அண்ணே, நீங்க யாரு பக்கம்?"

"நான் கணக்கு பக்கமுங்க, பாய்."

"அது நம்மளத் திங்க வந்திருக்குண்ணே."

"திங்கட்டுமுங்க. மொறையாத் திங்கட்டும்."

பூதம் கூடுதலாக ஓர் அடி அடிக்க அனுமதி வாங்கிக்கொடுத்த பிறகே உட்கார்ந்தார். அந்த அடி அவருடைய வீரன் மேலேயே விழுந்தது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

இன்னொரு ஞாயிறு முழுவதும் ஒரு கிணற்று மேட்டில் கழிந்தது. பாழுங்கிணற்றில் கயிறு கட்டி இறங்க வேண்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான். மண்ணா பாறையா, எத்தனை அடியில் தண்ணீர், மேலே கயிறு எதில் கட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அன்று காலை பல் துலக்கும்போது தோன்றிய கிணறு அது. எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருந்த பேய் அடுத்த வாரம்வரை காத்திருந்தது.

தனக்கு லாபம் வந்தாலும் விடமாட்டார். ஒரு கோட்டையில் அவர் வீரனுக்கு எதையும் தடுக்கும் கேடயம் கிடைத்தது. யாராக இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். அண்ணன் அப்பீல் போட்டார். "இது இருந்தா எம்பட ஆளு சாகவே மாட்டானுங்க. அப்பறம் மத்தவிய எதுக்கு பகடை போடறது?" பேசிப் பேசி அந்தக் கேடயத்தின் மேல் ஒரு பாரத்தை ஏற்றினார்: பக்கத்துக் கட்டத்தில் நிற்பவருக்கு வரும் அடி கேடயக்காரனுக்கே போக வேண்டும்; அந்த அடியை மட்டும் கேடயம் தடுக்காது. "இனி அதுல இட்லி வேணா அவிக்கலாம்ணே" என்றார் பஷீர் பாய். நாளடைவில் அந்த விதியை எல்லாரும் மறந்துபோனோம்.

மறக்காத விதி ஒன்று உண்டு. தரையில் விழுந்த பகடை செல்லாது, மறுபடி போட வேண்டும். அதுவும் அண்ணன் கொண்டுவந்ததே. பஷீர் பாயின் பகடை பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் ஓடும்போதெல்லாம் அவர் கையில் இருபதோடுதான் திரும்பி வந்தது.

அந்த ஜூன் ஞாயிறுக்கு வருகிறேன். வசந்தி ஆத்தூர்க்காரர், நர்ஸ். அவருக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான். அந்த ஒரு நாளையும் நான்கு வருடமாகச் செங்காந்தள் என்ற வைத்தியக்காரிக்குக் கொடுத்திருந்தார். எங்கள் கதையில் செத்தவர் திரும்பி வருவதில்லை. அன்று ராட்சசப் பாம்பு செங்காந்தளைக் கடித்தது. பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பாள்.

வசந்தி வேகமாக உருட்டினார். பகடை மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து நின்றது. குனிந்து பார்த்தோம். பத்தொன்பது.

மூன்று பேரும் அப்பீல் அண்ணனைப் பார்த்தோம்.

"அண்ணே," என்றார் வசந்தி, "இந்த ஒரு தடவை விட்டுடுங்கண்ணே. செங்காந்தள் போயிட்டா, புதுசா ஒருத்திய ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்ல. ஞாயித்துக்கிழமை தூங்கிக்குறேன், வரமாட்டேன்."

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. "பாய்க்கு ஒரு நாயம், உனக்கொரு நாயம்னு வெக்க முடியாதே அம்மிணி" என்றார், வசந்தியின் முகத்தைப் பார்க்காமல்.

வசந்தி மறுபடி போட்டார். மூன்று விழுந்தது. தன் மூடியைத் தானே கவிழ்த்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று படியிறங்கினார். அட்டையை எடுத்துவைக்கக்கூட மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டுக் கலைந்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் அப்பீல் அண்ணன். கையில், பூஜைக்கு வைக்கிற விளிம்பு உயர்ந்த பித்தளைத் தாம்பாளம்.

"இனி பகடைய இதுக்குள்ளதான் உருட்டோணுமுங்க சார்."

"இதைச் சொல்லவா வந்தீங்க?"

"இல்லீங்க. அப்பீலுங்க. பாம்பு கடிக்கறப்ப எம்பட ஆளு எந்தக் கட்டத்துல நின்னானுங்க?"

எனக்கு நினைவில்லை. பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாமலே கிளம்பினேன். பஷீர் பாயை எழுப்பிச் சாவி வாங்கி மாடியேறினோம். அட்டை அப்படியே இருந்தது. கவிழ்ந்த மூடிக்கு அடுத்த கட்டத்தில் அண்ணனின் மூடி.

"கேடயத்து விதிங்க" என்றார். "அம்மிணி பகடையே போட்டிருக்க வேண்டியதில்லீங்க. அந்தக் கடி எம்பட ஆளுக்குத்தான் சேரோணும்."

"உங்க ஆள் போயிடுவானே அண்ணே. ஆறு வருஷ ஆள்" என்றேன்.

"அதுக்கென்னங்க பண்றது? விதி போட்டவனே நாந்தானுங்களே."

பாம்புக் கடியிலிருந்து அவர் ஆள் பிழைப்பானா என்று பார்க்க அவரையே உருட்டச் சொன்னேன். தாம்பாளத்துக்குள் பகடை கணகணவென்று சுற்றி நான்கில் நின்றது. பத்தைத் தாண்டவில்லை.

அன்று திங்கட்கிழமை. நான் செய்த முதல் வேலை வசந்தியின் மூடியை நிமிர்த்தி வைத்தது. அண்ணனின் மூடியைக் கவிழ்க்க எனக்குக் கை வரவில்லை, அவரே கவிழ்த்தார். பிறகு வசந்திக்கு போன் போட்டுக்கொடுக்கச் சொன்னார்.

"அம்மிணி, ஞாயித்துக்கெழம வந்துரு. எம்பட புது ஆளு ரொம்ப நோஞ்சான். வைத்தியக்காரி இல்லாம ஒரு வாரங்கூடத் தாங்கமாட்டான்."