கிளி கம்பெனி போன்

‘இந்த சிம் இந்தப் போனில் செல்லாது’ என்று நாலாவது தடவையாகத் திரையில் எழுத்து வந்ததும், லிஃப்ட்காரர் சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, வாயால் ஊதி, திரும்பவும் செருகினார். போன் கொஞ்சம் யோசித்தது. அப்புறம் அதே எழுத்தைக் காட்டியது.

"ஊதினா போறதுக்கு அது என்ன தூசியா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "என் சிம்மை உடைச்சுக் கிடைச்சு வைக்காம என் கையில குடுங்க. அது கிளி கம்பெனி போன். கிளி கம்பெனி சிம் போட்டாத்தான் வாயைத் திறக்கும்னு என் தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னான்."

"எப்பச் சொன்னான்?"

"நீங்க கேமராவைத் திறந்து உங்க மூஞ்சியை நீங்களே பார்த்துக்கிட்டிருந்தப்ப."

மச்சினன் கிளி கம்பெனிக் கடையில் வேலை பார்க்கிறான். போனின் முதுகில் பச்சைக் கிளி படம் இருக்கும், அதனால் அந்தப் பேர். "பாதி விலை மாமா, உங்களுக்காகத்தான்" என்று அவன் சொன்னபோது மீதிப் பாதி எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பழைய போனை அவனிடமே கொடுத்து, இருந்த எண்ணையும் கிளி கம்பெனிக்கு மாற்றி, வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரயில் பாதைக்கு மேற்கே கிளி நன்றாகப் பேசும். கிழக்கே வாயைத் திறக்காது. லிஃப்ட்காரருக்கு வீடும் கிழக்கே, வேலையும் கிழக்கே.

வேலை என்றால் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பதினாறு வருஷமாக ஒரே கம்பெனியில் மெக்கானிக். ஏழு அடுக்குமாடிக் கட்டடங்கள் அவர் பொறுப்பு. ஏழிலும் லிஃப்டுக்குள் கண்ணாடிக்குக் கீழே அவர் எண் ஒட்டியிருக்கும். லிஃப்ட் நின்றால் காவலாளி அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். இவர் போய்ச் சரி செய்துவிட்டு ஆபீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆபீசில் ரிஜிஸ்டர் அக்கா இவர் பேருக்கு நேரே ஒரு புகார் எழுதுவார். யாராவது ஆபீசையே நேராகக் கூப்பிட்டால், "லிஃப்டுல ஒட்டியிருக்கிற நம்பருக்குப் பேசுங்க" என்று அக்கா டக்கென்று வைத்துவிடுவார். பல வருஷத்து நடைமுறை, அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் போர்மேன் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி வந்தது.

போர்மேன் வேலை என்றால் நாற்காலி. லிஃப்ட்காரருக்கு வேண்டியதும் அந்த நாற்காலி ஒன்றுதான். லிஃப்டை நம்பிப் பிழைக்கிற மனிதர் லிஃப்டில் போவதே கிடையாது. ஓடுகிற லிஃப்டுக்கு யார் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்? நின்றுபோனால்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் இருப்பதோ மொட்டை மாடியில். பதினாறு வருஷமாக ஒன்பது மாடி, பத்து மாடி என்று படியேறியே இரண்டு முழங்காலும் போய்விட்டன. இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழும்போது, "அம்மாடி" என்று முழங்கால் முதலில் பேசும், அப்புறம்தான் அவர் பேசுவார்.

முதலாளி எல்லா மெக்கானிக்குகளையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "போன் அடிச்சா எடுக்கணும். அதுதான் நம்ம தொழில். எடுக்கிறவனுக்குத்தான் இங்க எதிர்காலம்."

எல்லார் கண்ணும் ‘முதல் ரிங்’ பக்கம் திரும்பியது. இளவயது மெக்கானிக். எந்தப் போனையும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவான், அதனால் அந்தப் பட்டம். குளிக்கப் போனாலும் போனைப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறவன். அவன் கட்டடங்களும் கிழக்கேதான். லிஃப்ட்காரர் சட்டைப் பையில் இருந்த கிளியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

மறுநாள் மாதாந்திர எண்ணெய் விடுவதற்காக நாலாவது கட்டடத்துக்குப் போனார். காவலாளி வாசலிலேயே மறித்தார்.

"ஏன் சார், அஞ்சு தடவை கூப்பிட்டேன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ன்னு ஒரு பொண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு."

"லிஃப்ட் நின்னுபோச்சா?"

"நின்னுச்சு. எவ்வளவு நேரம் பார்க்கறது? மெயின் சுவிட்சை அணைச்சுப் போட்டேன். ஓடுது."

லிஃப்ட்காரர் இதை ஆபீசுக்குச் சொல்லவில்லை. சொன்னால், ‘எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க, நீங்க எப்பப் போனீங்க’ என்று அக்கா கேட்பார், குட்டு உடைந்துவிடும். மற்ற ஆறு கட்டடங்களிலும் இதே கதைதான். காவலாளிகள் எல்லாரும் சுவிட்சை அணைத்துப் போடுவதில் தேர்ந்துவிட்டார்கள். லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலத்தில் ஏறினார். ஐம்பத்திரண்டு படி. உச்சிக்குப் போய் மேற்குப் பக்கக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டால் சிக்னல் இரண்டு கோடு வரும். அங்கிருந்து கிளி கம்பெனியைக் கூப்பிட்டார்.

"போனோட பூட்டை எடுத்துவிடணும்மா. எங்க பகுதியில உங்க சிக்னல் சுத்தமா இல்ல."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். உங்க வீட்டுல சிக்னல் இல்லைன்னு உறுதியானா பூட்டை எடுத்துடுவோம். எங்க இன்ஜினியர் நேர்ல வந்து பார்ப்பார். வர்றதுக்கு முன்னாடி உங்களுக்குப் போன் பண்ணுவார்."

"எந்தப் போனுக்கு?"

"இதே போனுக்குத்தான் சார்."

இரண்டு நாள் கழித்து அதே பாலத்தில் குறுஞ்செய்தி வந்து விழுந்தது: ‘இன்ஜினியர் மூன்று முறை அழைத்தும் வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது.’

லிஃப்ட்காரர் அங்கேயே நின்று மறுபடியும் கிளி கம்பெனியைக் கூப்பிட்டார். "ஏம்மா, நான் கிடைக்கலைன்னா சிக்னல் இல்லைன்னுதானே அர்த்தம்? இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"நீங்க கிடைச்சாத்தான் சார் இன்ஜினியர் வந்து சிக்னல் இல்லைன்னு சொல்ல முடியும்."

"சரி, என் பொண்டாட்டி போனுக்குக் கூப்பிடச் சொல்லு."

"அது வேற கம்பெனி நம்பர் சார். எங்க சிஸ்டம் ஏத்துக்காது. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளை என்று படத்தைப் போட்டு முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்கள், நாம்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர்.

அடுத்த தடவை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்தே பாலத்தில் நின்றார். பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. எடுத்து, "வாங்க சார், வீட்டுக்கே வாங்க, நான் ஓடி வர்றேன்" என்று கத்திவிட்டு, ஐம்பத்திரண்டு படியையும் இறங்கி, மூச்சு வாங்க வீட்டுக்குப் போனார். இன்ஜினியர் வாசலில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க சார், வந்து பாருங்க, ஒரு கோடுகூட இல்ல!"

"பார்க்க வேண்டாம் சார். நான் கூப்பிட்டேன், நீங்க எடுத்தீங்க. எடுத்தா சிக்னல் இருக்குன்னு அர்த்தம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"யோவ், நான் பாலத்து மேல நின்னுக்கிட்டிருந்தேன்யா!"

"பாலத்துல எதுக்கு சார் நின்னீங்க? படிவத்துல வீட்டு விலாசம்தானே குடுத்திருக்கீங்க?"

இன்ஜினியர் போன பிறகு மனைவி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "என் தம்பி மேல கோபப்படாதீங்க. அவன் என்ன பண்ணுவான், பாவம்" என்றாள். லிஃப்ட்காரர் முழுச் சொம்பையும் குடித்து முடித்தார். மச்சினனைத் திட்டினால் அன்றைக்குச் சாப்பாடும் சிக்னல் மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து, சந்தைத் தெருவில் செல்போன் ரிப்பேர்க் கடை. கடைக்காரர் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரு மணி நேரம் தட்டினார். "பூட்டு அசையலை சார். ஆனா உள்ள வேற ஏதோ திறந்துக்கிச்சு" என்று திருப்பிக் கொடுத்தார். என்ன திறந்துகொண்டது என்பது வீட்டில் தெரிந்தது. அன்றிலிருந்து போனை அணைத்துப் போடும்போதெல்லாம், தெருவே கேட்கிற மாதிரி, "வணக்கம்! கிளிக் குடும்பத்துக்கு நல்வரவு!" என்று கீச்சுக் குரலில் கத்தியது. குரலைக் குறைக்கிற பொத்தானை அமுக்கினால் இரண்டு தடவை கத்தியது.

இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. இருந்தது இன்னும் ஒரே மாதம். லிஃப்ட்காரர் நாற்காலியை நினைத்தார். முழங்காலைத் தடவினார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை என்று அவருக்கே தெரிந்தது, ஆனாலும் வந்ததை விரட்ட மனசு வரவில்லை.

ஆபீஸ் வாசலில் முதல் ரிங் நின்றுகொண்டிருந்தான். லிஃப்ட்காரர் பக்கத்தில் போய் நின்று, சும்மா போனை அணைத்துப் போட்டார்.

"வணக்கம்! கிளிக் குடும்பத்துக்கு நல்வரவு!"

"அண்ணே! என்னண்ணே இது, போன் பேசுது!"

"புது மாடல் தம்பி. கேமராவைப் பாரு. உன் மூஞ்சி எவ்வளவு பளிச்சுனு விழுது பாரு."

முதல் ரிங் பார்த்தான். பார்த்தவன் கண்ணை எடுக்கவில்லை. லிஃப்ட்காரருக்குத் தன் பழைய கதையைத் தானே பார்ப்பது போல இருந்தது.

"எனக்கு எதுக்குத் தம்பி இந்த வயசுல இதெல்லாம்? உன் பழைய போனைக் குடு, இதை நீ வச்சுக்க. நம்பரைக் கிளி கம்பெனிக்கு மாத்திக்கிட்டாப் போதும். என் மச்சினன் ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துடுவான்."

"சும்மாவாண்ணே?" முதல் ரிங் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "என் கூடப் பிறந்த அண்ணன்கூட இப்படிக் குடுத்ததில்லண்ணே."

அந்த வார்த்தை லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனால் கையில் இருந்த பழைய போனில் நாலு கோடு சிக்னல் தெரிந்தது. தன் எண்ணை மறுபடியும் பழைய கம்பெனிக்கே மாற்றிக்கொண்டார்.

மறுநாளே ஏழு கட்டடத்துக்கும் போய் ஏழு காவலாளிகளிடமும் சொன்னார்: "இனிமே யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க. முதல் மணியில எடுக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

காவலாளிகள் சொன்ன சொல் தட்டாதவர்கள். லிஃப்ட் நின்றால் கூப்பிட்டார்கள். விளக்கு மினுக்கினால் கூப்பிட்டார்கள். யாரோ மூன்றாம் மாடிப் பொத்தானில் பபுள்கம் ஒட்டிவிட்டதற்கும் கூப்பிட்டார்கள். லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் முதல் மணியில் எடுத்தார், மொட்டை மாடிவரை படியேறினார், இறங்கியதும் மறக்காமல் ஆபீசுக்குச் சொன்னார். "எழுதிக்குங்கக்கா, பபுள்கம், பத்தே நிமிஷத்துல சரி பண்ணியாச்சு." தன் உழைப்பு வரி வரியாக ரிஜிஸ்டரில் ஏறுகிறது என்று நினைத்தபோது முழங்கால் வலிகூட இனித்தது.

முதல் ரிங்கை ஒருநாள் டீக்கடையில் பார்த்தார். ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தான். கண்ணில் தூக்கம் தெளிந்திருந்தது.

"போன் எப்படித் தம்பி இருக்கு?"

"பிரமாதம்ண்ணே. வந்ததுலேருந்து ஒரு போன்கூட வரல. மனசு அப்படி லேசா இருக்கு. என் பொண்ணுகூடக் கேட்டுச்சு, அப்பா உனக்கு வேலை போயிடுச்சான்னு."

பாவம், போகத்தான் போகிறது என்று லிஃப்ட்காரர் நினைத்தார். டீக்கு அவரே காசு கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்த கையோடு இவனுக்கு ஒரு நல்ல கட்டடமாகப் பார்த்து, படி குறைவான கட்டடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் மனசுக்குள் முடிவு செய்தார்.

போர்மேன் மாலை வாங்கிக்கொண்டு போன மறுநாள் காலை, அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். புதிய போர்மேன்: முதல் ரிங். அவனுடைய உண்மையான பேரைப் போட்டிருந்ததால் அது யார் என்று புரியவே எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், போர்மேன் நாற்காலியில், "வணக்கம்! கிளிக் குடும்பத்துக்கு நல்வரவு!" என்று சத்தம் கேட்டது.

லிஃப்ட்காரர் விறுவிறுவென்று ரிஜிஸ்டர் அக்காவிடம் போனார். கோபத்தில் முழங்கால் வலி மறந்துவிட்டது.

"அக்கா, இது எந்த ஊர் நியாயம்? போன மாசம் முழுக்க ஒரு போனை விட்டேனா? அவன் ஒண்ணாவது எடுத்தானா? முதலாளிக்கு யாரு எடுக்கறா, யாரு எடுக்கலைன்னு தெரியாதா?"

"அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்க்கறது இந்த ரிஜிஸ்டர் ஒண்ணைத்தான்." அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். லிஃப்ட்காரர் பேருக்குக் கீழே போன மாசத்துக்கு நாற்பத்தேழு வரி, அடிக்கோடு போட்டுக் கூட்டியிருந்தது. கடைசி வரி பபுள்கம்.

"எனக்கும் மனசே ஆறல தம்பி. முதல் ரெண்டு மாசம் உங்க கட்டடங்கள்ல ஒரு புகார்கூட இல்லேன்னு முதலாளி உங்க பேரைத்தான் பென்சில்ல எழுதி வச்சிருந்தார். போன மாசம் அந்தத் தம்பி என்ன மாயம் பண்ணானோ, அவன் லிஃப்ட் ஒண்ணுகூட நிக்கவே இல்லையே!"