‘ரன்’ என்ற சொல்லுக்கு நூற்றுப்பதினாறு அட்டைகள்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வீட்டில் அனைவரும் நலமென்று நம்புகிறேன். உங்கள் தங்கையும் அங்கே நலமாகத்தான் இருப்பாள். என் நலத்தை யாரும் விசாரிக்கவில்லை, இருந்தாலும் நலம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மேல் எள்ளளவும் தப்பு இல்லை. ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் சும்மா இருக்கக்கூடாதென்று ஆங்கில-தமிழ் அகராதிப் பதிப்பாளர் ஒருவர் ‘ரன்’ என்ற ஒரே ஒரு வினைச்சொல்லைப் பொருள் எழுதித்தரச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். ஒரு வாரத்தில் முடிக்கிறேன் என்றேன். மனிதன் ஓடினால் ‘ரன்’, சரி. குழாயில் தண்ணீர் வந்தாலும் ‘ரன்’, கடை நடத்தினாலும் ‘ரன்’, துவைத்த சட்டையின் சாயம் பக்கத்துச் சட்டைக்குப் போனாலும் ‘ரன்’. தேர்தலில் தமிழில் நிற்கிற ஆள் ஆங்கிலத்தில் ஓடுகிறார். பூர்வீகத்தைத் தோண்டினால், ஜெர்மன் மொழியிலுள்ள இதன் பங்காளிச் சொல்லுக்கு இன்றைக்கும் வழிவது, ஒழுகுவது என்றுதான் பொருள். ஆகவே இந்தச் சொல்லில் காலைவிட, சளிபிடித்த மூக்குக்கே உரிமை அதிகம் என்பது என் முடிவு.

ஒரு பொருளுக்கு ஓர் அட்டை என்று கணக்கு. நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை எழுதுவாள். சாப்பாட்டு மேசை நிறைந்து, கட்டிலும் நிறைந்து, ஐந்து மாதமாகச் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டோம். அவள் முகம் சுளித்ததில்லை. கடைசியில் நன்றிப் பக்கம் வந்தது. நூலகருக்கு நன்றி, அட்டை வெட்டித் தந்த அச்சகக்காரருக்கு நன்றி, அட்டை பறக்காதபடி மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துக்கொடுத்த எலக்ட்ரீஷியனுக்கும் நன்றி. அதையும் அவளே எழுதினாள். எழுதி முடித்து, “இன்னும் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டாள். நான் நன்றாக யோசித்துவிட்டு, “யாரும் இல்ல, முற்றுப்புள்ளி வை” என்றேன். வைத்தாள். பேனாவை மூடினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள், சொந்த வலது கைக்கு எவனாவது நன்றி சொல்வானா? இதெல்லாம் ஒரு கோபமா? நான் தனியாகப் பிரமாதமாகச் சமாளிக்கிறேன். ஜன்னலைத் திறந்ததில் நாற்பது அட்டைகள் கட்டிலுக்கடியில் போய்விட்டன. முதுகு பிடித்துக்கொண்டதால் அவை அங்கேயே பத்திரமாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கெடு, அதுவும் பெரிய விஷயமில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் சௌகரியமாக இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அவள் காதில் விழும்படி சொல்லவும்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
ஒரு தப்பும் செய்யாத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதியதை அவளிடம் காட்டிவிடாதீர்கள். முதுகு போனாலும் போகட்டுமென்று கட்டிலுக்கடியில் நுழைந்து அட்டைகளை எடுத்துப் படித்தேன். அவற்றில் இருபத்தொன்று நான் சொல்லவே சொல்லாதவை. எனக்குத் தோன்றாத பொருள்களை அவளாகவே எழுதிச் சேர்த்திருக்கிறாள், அத்தனையும் சரி. தப்பு என்னுடையதுதான், வீடும் வெறிச்சென்று கிடக்கிறது. நன்றிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அவளுக்கு மட்டும் ஒரு வரி எழுதக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. அவளை வந்து சொல்லச் சொல்லுங்கள், இந்த முறை நான் எழுதிக்கொள்கிறேன்.