பம்புக்கும் நாகதோஷம்

அந்த வருஷம் கட்கி பஜாரில் கூட்டம் ரேஷன் கடையில் இல்லை. ஸ்கேன் சாமியார் வாசலில்தான். தேங்காய், பழம் வேண்டாம். ஸ்கேன் படம் போதும். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். பெண்ணின் சினைப்பையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை நாகம் இட்ட முட்டைகளாம். முட்டைக்கு ஒரு வெள்ளி நாகம் சாத்த வேண்டும். வெள்ளிக்கடை சாமியாரின் மச்சானுடையது. தன் முட்டைக்கு இவ்வளவு கிராக்கி என்பது பாம்புக்கே தெரியாது.

பவுனும் அந்த வரிசையில் நின்றவள்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகள் தீபாவுக்கு வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்தார்கள். வடாபாவ் தின்று வந்த வலி மறுநாளே போய்விட்டது. புள்ளிகள் மட்டும் படத்தில் தங்கிவிட்டன. மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்று லேடி டாக்டர் விசாரித்தார். எதுவும் இல்லை என்றார்கள்.

"நல்லா இருக்கிற பொண்ணுங்க நிறைய பேருக்கு இப்படித் தெரியும்மா. இது மட்டும் இருந்தா வியாதி இல்ல."

ஒரு மாத்திரைகூட எழுதாத டாக்டரைப் பவுன் எப்படி நம்புவாள்?

சாமியார் நம்பும்படி சொன்னார். பன்னிரண்டு முட்டை, தாலி ஏறினால் மாப்பிள்ளை உயிருக்கு ஆகாது. செய்தி ஔந்தில் இருக்கும் சம்பந்தியம்மாள் வைஜயந்தி வரை போனது. முட்டை போனால்தான் முகூர்த்தம் என்று அவள் சொல்லிவிட்டாள். தீபா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வெள்ளி நாகம் வாங்க, விற்பதற்காகப் பவுன் தன் கம்மலைக் கழற்றினாள்.

அவள் புருஷன் துரைசாமி ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்ப்பவர். வார்த்த இரும்பை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்ப்பதே அவர் உத்தியோகம்.

"கம்மலப் போட்டுக்கோ. நாளைக்குப் புதுப் படம் கொண்டாறேன்," என்றார்.

மறுநாள் சம்பந்தியம்மாளையும் வரவழைத்தார். சாமியார் படத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். முட்டை பதினேழாகிவிட்டதாம், தலைச்சன் பிள்ளை பாம்பாகத்தான் பிறக்குமாம். பவுனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"சாமி, இது எம்பொண்ணு இல்ல. மூணு ஹெச்.பி. தண்ணி பம்பு," என்றார் துரைசாமி.

சாமியார் அசரவில்லை. பம்புக்கும் தோஷம் உண்டு என்றார். வரிசையில் நின்ற ஒருவர், தன் வீட்டு மோட்டாரும் தண்ணீர் இழுக்கவில்லை, கூட்டி வரட்டுமா என்று பயபக்தியோடு கேட்டார். அதற்குமேல் வைஜயந்தியால் அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, வரிசையே சிரித்தது. சாமியார் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

"இத்தனை குமிழி இருந்தா அந்தப் பம்ப என்னங்க செய்வீங்க?" என்று வைஜயந்தி கேட்டாள்.

"தண்ணி விட்டுப் பாப்போம். ஒழுகலன்னா பாஸ்."

டாக்டர் ஏன் அத்தனை கேள்வி கேட்டார் என்பது பவுனுக்கு அப்போதுதான் விளங்கியது. தை மாதம் கல்யாணம் நடந்தது. கம்மல் பவுனின் காதிலேயே இருந்தது.

இரும்பைக் கழிப்பதற்கு முன்கூட ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்கள். பெற்ற பெண்ணைக் கழிக்க மட்டும் ஒரு டியூப்லைட் வெளிச்சம் போதுமா?