மாப்பிள்ளை அனுப்பிய பில்லியர்ட்ஸ் மேஜைக்கு நன்றி

மரக்காணம்,
மார்கழி மாதம், திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை ஜெயசீலன் அவர்களுக்கு,

மாமனார் அர்ச்சுனன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை அமுதவல்லியும் முட்டிவலி நீங்கலாக நலம். அங்கே நீங்களும் என் மகள் ரேணுகாவும் சென்னை டிராஃபிக் நீங்கலாக நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் போய் யார் கடிதம் எழுதுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா, அப்புறம் கூப்புடுறேன்" என்கிறீர்கள். பெரிய கம்பெனியில் பொறுப்பான இடத்தில் இருப்பவருக்கு நேரம் ஏது? கடிதம் என்றால் மீட்டிங் முடிந்த பிறகு நிதானமாகப் படிக்கலாம், நடுவில் கட் ஆகாது.

முதலில் என் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் ஆபீசில் இனி வேண்டாம் என்று கொடுத்த அந்த விளையாட்டு மேஜையை ஐப்பசியில் லாரி வைத்து எங்களுக்கு அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. உப்பளக் குத்தகையை விட்ட பிறகு ரோட்டோரம் சும்மா கிடந்த என் உப்புக் கொட்டகையில் அதைப் போட்டுத் தொழில் நடத்தச் சொன்னதற்கும் நன்றி. "புதுச்சேரி போற கார் எல்லாம் உங்க வாசல் வழியாத்தான் மாமா போவுது, நின்னு ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போவாங்க. தை பொறக்குற வரைக்கும் பாருங்க. ரெண்டு பேருக்கும் சோத்துக்கு வந்துச்சுன்னா அங்கேயே இருங்க. வரலைன்னா கொட்டகையை வித்துட்டு எங்க ஃப்ளாட்டுக்கு வந்துடணும்" என்று நீங்கள் போட்ட நிபந்தனைக்கும் நன்றி. உங்கள் நாலாவது மாடி ஃப்ளாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போன தடவை வந்தபோது பால்கனியில் நின்று பார்த்தேன், எதிர் பால்கனியில் ஒருவர் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் யாரோ ஒருவருடைய மாமனார் என்று முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என்ன பாடு பட்டாவது இந்த ஊரிலேயே காலம் தள்ளிவிடுவது என்று. ஆகவே இந்தத் தொழிலில் லாபம் உண்டா இல்லையா என்பது எனக்கு விளையாட்டு விஷயம் அல்ல.

மேஜை வந்து இறங்கிய அன்று லாரி டிரைவர் நாலு பேர் போதும் என்றார். நாலு பேர் பிடித்தார்கள், மேஜை அசையவில்லை. துணிக்கு அடியில் முழுசாகக் கல்பலகை இருக்கிறது என்பதை நீங்கள் சொல்ல மறந்துவிட்டீர்கள். என்னிடம் ரொம்ப காலம் உப்பளத்தில் வேலை செய்த அய்யனார் குனிந்து அடியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மொதலாளி, உங்க மாப்புள ஆட்டுக்கல்லுக்குக் கால் வெச்சி அனுப்பிக்கிறாரு" என்றான். தெருவையே கூப்பிட்டு ஒரு வழியாக உள்ளே கொண்டுபோய் வைத்தோம். மேஜையை மட்டம் பார்த்து வைக்க வேண்டும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தீர்கள். மட்டம் பார்ப்பதில் எங்களுக்கு யார் சொல்லித்தர முடியும் மாப்பிள்ளை? உப்புப் பாத்தியில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தே வயசானவர்கள் நாங்கள். அய்யனார் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜைமேல் ஊற்றினான். நானும் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தண்ணீர் சமர்த்தாகக் கிழக்கு மூலைக்கு ஓடி, அங்கே இருந்த குழி வழியாக வடிந்தது. எங்கள் பாத்தியில் தண்ணீர் ஒரு பக்கமாக லேசாக வடிந்தால்தான் மட்டம் சரி என்று அர்த்தம். "ஃபஸ்ட் கிளாஸ் மட்டம்" என்று அய்யனார் சொன்னான், நானும் ஆமோதித்தேன். நீலத் துணி காய்ந்து, பந்துகளை எடுத்து வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எந்தப் பந்தை எங்கே வைத்தாலும் அது கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிழக்கு மூலைக் குழியைப் பார்த்துப் புறப்பட்டுவிடுகிறது. திரும்பத் தூக்கிச் சரிசெய்யலாம் என்றால், தூக்கியவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

திறப்பு விழாவை உங்கள் அத்தையே முன்னின்று நடத்தினாள். புது வண்டிக்குச் செய்வது போல மேஜையின் ஒவ்வொரு காலுக்கு முன்னாலும் ஒரு எலுமிச்சம்பழம், ஒவ்வொரு பந்துக்கும் சந்தனம் குங்குமம், மேஜைக்கு நடுவில் வெற்றிலை வைத்து அதன்மேல் சூடம். சூடம் நன்றாகவே எரிந்தது. வெற்றிலையும் எரிந்தது. அணைத்துவிட்டுப் பார்த்தால் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அமுதவல்லி கலங்கவில்லை. உங்கள் கல்யாணத்துக்கு எடுத்து மிச்சமிருந்த நீல ப்ளவுஸ் பிட்டை வெட்டி அதே இடத்தில் ஒட்டுப்போட்டாள். உருண்டு வரும் பந்து அந்த ஒட்டுத் துணியில் ஏறியதும் வந்த வேலையை மறந்தது போல அப்படியே நின்றுவிடும். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பல வருஷம் உப்பு சாப்பிட்ட கொட்டகைச் சுவர் மழைக்காலத்தில் மனுஷனைப் போல வியர்க்கும் என்பது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அந்த ஈரத்தில் பந்து அடிக்கும் குச்சிகள் எல்லாம் வளைந்துவிட்டன. "பேரு அர்ச்சுனன், இப்ப வில்லும் வந்துடுச்சி, குறிதான் வரக் காணோம்" என்று உங்கள் அத்தை தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். போர்டு எழுதும்போதும் ஒரு சங்கடம். இந்த மேஜைக்கு நீங்கள் சொன்ன, நீச்சல் குளத்துக்கும் சொல்கிற அந்த இங்கிலீஷ் பெயரை நம்ம ஊரில் பெண்கள் இருக்கும் இடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியும். ஆகவே 'ரேணுகா பில்லியர்ட்ஸ்' என்று எழுதி மாட்டினேன். புதுச்சேரி போகும் கார்கள் உண்மையிலேயே எங்கள் வாசல் வழியாகத்தான் போகின்றன. மிக வேகமாகப் போகின்றன. ஒரே ஒரு கார் நின்றது. டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். போய்விட்டு வந்து மிகவும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள்.

உள்ளூர்ப் பையன்கள் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்குங்கள், கறுப்பு நிற எட்டாம் நம்பர் பந்து குழியில் விழுந்தால் ஒரு ஆட்டம் முடிந்தது என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அருமையான யோசனை. ஆனால் அந்தப் பந்தைப் பார்த்த அன்றே உங்கள் அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாங்க இது, கறுப்பு, அதுல எட்டாம் நம்பர் வேற. சனி பகவானையே உருட்டிக் கூட்டியாந்த மாதிரி இருக்குது. உங்களுக்கு வேற கும்ப ராசி" என்று சொல்லி அதைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். எட்டாம் பந்து இல்லையென்றால் ஆட்டம் எப்படி முடியும்? முடியவில்லை. காலையில் ஆரம்பித்த ஆட்டத்தைப் பையன்கள் சாப்பிடப் போய்விட்டு வந்து தொடர்ந்தார்கள், மறுநாளும் வந்து தொடர்ந்தார்கள். காசு கேட்டால், "இன்னும் முடியலையே பெரியப்பா" என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். கார்த்திகை முடிவதற்குள் நானே கொட்டகைக்கு விலை விசாரிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. ராத்திரி சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. உங்கள் பால்கனிதான் கண்முன்னே வந்தது.

அப்போதுதான் முத்தம்மாள் வந்தாள். உப்பு வாரும் பெண், உங்கள் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை நின்று பரிமாறினாளே, அவள்தான். உங்கள் அத்தை கோயிலுக்குப் போன சமயம் பார்த்து நான் டிரம்மிலிருந்து அந்தப் பந்தை எடுத்து மேஜையின் ஒட்டுத் துணிமேல் வைத்திருந்தேன். அங்கே வைத்தால்தான் அது ஓடாமல் நிற்கும். "இன்னா மொதலாளி இது" என்று கேட்டாள். மற்றப் பந்தெல்லாம் விழுந்த பிறகு கடைசியாக இந்தக் கறுப்பு எட்டைக் குழியில் தள்ளியவர் ஜெயித்தவர் என்று விதியைச் சொன்னேன். "சனியனைக் குழில தள்ளிட்டா ஜெயிச்ச மாதிரியா? அப்போ அந்தக் குச்சியைக் கொடு. எனக்கு ஏழரை நடக்குது, ஆடு வேற காணாமப் போயிடுச்சி" என்றாள். வாங்கி ஒரு குத்து. வளைந்த குச்சி எங்கேயோ பட்டது, குச்சியால் அடிப்பதற்கென்றே இருக்கிற வெள்ளைப் பந்து கறுப்பைத் தொட்டது, கறுப்பு ஒட்டுத் துணியை விட்டு இறங்கிச் சாவகாசமாகக் கிழக்குக் குழிக்குப் போய் விழுந்தது. மறுநாள் அவள் ஆடு இரண்டு குட்டிகளோடு வீடு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பரிகாரம் என்ற சொல்லை நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை, போர்டிலும் எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை தெருக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை பிரம்மதேசத்திலிருந்து வேன் வந்தது, பெருமுக்கலிலிருந்து ஷேர் ஆட்டோக்கள் வந்தன. எல்லோரும் குளித்துவிட்டு வந்து, மேஜையை மூன்று சுற்றுச் சுற்றி, குச்சியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கறுப்புப் பந்தைத் தட்டுகிறார்கள். பந்தை டிரம்மில் மறைத்த அதே அமுதவல்லி இப்போது மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "கும்பம்னா மேற்கால நின்னு அடி. மீனமா? நீயும் மேற்காலயே நில்லு" என்கிறாள். மேற்கில் நின்று தட்டினால் விழாமல் போகவே வழியில்லை, மட்டம் அப்படி. சில சமயம் வெள்ளைப் பந்தும் பின்னாலேயே போய் விழுகிறது. கேட்டால், "அது சந்திரன், தொணைக்குப் போவுது" என்கிறாள். சாமி பேரைச் சொல்லிக் காசு வாங்கினால் பாவம் என்று கட்டணத்தையும் நிறுத்திவிட்டாள். வருகிறவர்கள் சும்மா வருவார்களா, நல்லெண்ணெய் கொண்டுவருகிறார்கள். பின்கட்டு அறை முழுக்க எண்ணெய்தான், நடக்க இடமில்லை.

அப்படியானால் லாபம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். மேஜையில் இல்லை, வாசலில் இருக்கிறது. தன் முறைக்காகக் காத்திருக்கிறவர்களுக்குப் பசிக்கிறது. உங்கள் அத்தை சனிக்கிழமை உளுந்து வடை, மற்ற நாளில் பையன்களுக்கு இறால் வடை என்று அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய்க்குப் பஞ்சமா? வடையும் டீயும் போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஆகவே நான் அனுபவத்தில் கண்டது என்னவென்றால், இந்தத் தொழிலில் நிச்சயம் லாபம் உண்டு, பந்தை நம்பாமல் வடையை நம்பினால்.

நிபந்தனைப்படி நாங்கள் ஜெயித்துவிட்டோம் மாப்பிள்ளை. இருவருக்கும் சோத்துக்கு வருகிறது, ஆனால் இருவருக்குத்தான் சரியாக இருக்கும். யாருடைய துணையும் இல்லாமல் தனியாளாகச் சமாளிக்கிறேன். ஆகையால் சென்னைக்கு வருவதற்கில்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பொங்கலுக்கும் நீங்கள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம், படுக்கவைக்க அறையும் இல்லை, எண்ணெய் இருக்கிறது. உங்களுக்கு மேலும் மேலும் பதவி உயரவும், என் மகள் மஞ்சள் குங்குமத்தோடு உங்கள் பக்கத்தில் நூறு வயது இருக்கவும் நானும் உங்கள் அத்தையும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

என்றும் நன்றி மறவாத மாமனார்,
அர்ச்சுனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் ரேணுகா அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். பேசியதைவிட அழுததுதான் அதிகம். "அவருகிட்ட சொல்லிடாதீங்கம்மா" என்று கேட்டுக்கொண்டாள், ஆகவே எனக்கு எதுவும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனியை ஐப்பசியிலேயே மூடிவிட்டார்களாம். கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு சாமானை எடுத்துக்கொள்ளச் சொன்னதில் உங்கள் பங்குக்கு வந்தது அந்த மேஜையாம். அதை விற்றுக் காசாக்காமல் எங்களுக்கு அனுப்பிவிட்டு, தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு போய்ப் பார்க்கில் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்களாம். மாப்பிள்ளை, உங்களுக்கே வேலை இல்லாத நேரத்திலும் எங்கள் இரண்டு பேரையும் கூட வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்களே. அதற்கு நன்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

மேலே எழுதியதில் எதையும் நம்ப வேண்டாம். தனியாளாகச் சமாளிக்கிறேன் என்றது பொய், போன சனிக்கிழமை முட்டி மடங்கி வேன்காரர்கள் முன்னால் விழுந்தேன். இருவருக்குத்தான் சரியாக இருக்கும் என்றதும் பொய், அய்யனார் காசு கொடுத்து வடை தின்ன ஆரம்பித்தால் நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். அறை இல்லை என்றதும் பொய், உங்கள் அத்தை எண்ணெய் டின்களை இப்போதே வெளியே தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் பேசுமே என்று நீங்கள் கூச்சப்படுவீர்கள். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த மேஜை உங்கள் சம்பளம். அப்படியென்றால் இத்தனை நாளாக உங்கள் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான்தான். ஊர் பேசுவதானால் வீட்டோடு மாமனார் என்று என்னைப் பேசட்டும். ரேணுகாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள், மறுநாள் கூட்டம் அதிகமாக இருக்கும்.